பித்தளையில் கோடு, எவர்சில்வரில் புள்ளி

பரணில் கிடக்கும் பழைய பித்தளைச் செம்பு ஒன்றையும் அடுப்படியில் அன்றாடம் புழங்கும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றையும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். மதுரைப் பக்கத்து வீடென்றால் அநேகமாக இரண்டிலும் பேர் வெட்டியிருக்கும். கல்யாணச் சீர், காதுகுத்துக்குத் தாய்மாமன் செய்தது, புதுவீடு குடிபுகுந்தபோது வந்தது என்று எல்லாவற்றுக்கும் பாத்திரம். பாத்திரம் என்றால் இன்னார் கொடுத்தது என்று அதில் பேர். செம்பில் அந்த எழுத்துகள் சிறு சிறு உளிக்கோடுகளால் ஆனவை. டம்ளரில் பொடிப்பொடிப் புள்ளிகள். விரல் நுனியால் தடவினால் செம்பின் எழுத்தில் பள்ளம் வழவழவென்று இறங்கும். டம்ளரின் எழுத்து சொரசொரக்கும்.

பித்தளையில் கோடாக வந்தது எவர்சில்வரில் ஏன் புள்ளியாகிப் போனது? பாத்திரக்கடையில் கேட்டால், "அது கையில வெட்டுனது, இது மிஷின்ல வெட்டுனது" என்பார்கள். சரிதான், ஆனால் பாதிப் பதில். மிஷினைச் செய்தவர் கோடு இழுக்கும் மிஷினாகச் செய்திருக்கலாமே, குத்தும் மிஷினாக ஏன் செய்தார்? கையால் உலோகத்தில் சித்திரம் வெட்டிப் பழக ஆசைப்படுகிறவர்கள் இப்போது கூடி வருகிறார்கள். என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைவிட இந்தப் புள்ளிக் கேள்வி அவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த மிஷின். கைக்கடக்கமான உறைக்குள் ஒரு கம்பிச்சுருள், ஓர் இரும்புத் துண்டு, அதைத் திருப்பித் தள்ள ஒரு வில், முனையில் மிகக் கடினமான ஊசி. வேறொன்றும் இல்லை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அடிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சுருள் இரண்டு முறை காந்தமாகி இரும்பை இழுக்கும். ஆக நொடிக்கு 100 குத்து. வெட்டுகிறவரின் கை நொடிக்கு 2 செ.மீ. நகர்ந்தால் புள்ளிக்குப் புள்ளி 0.2 மி.மீ. இடைவெளி விழும். லென்ஸ் ஒன்று வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: 'ன'வின் சுழியில் புள்ளிகள் நெருக்கியடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், நேராக இறங்கும் காலில் விலகி விலகி நிற்கும். சுழியில் கை மெதுவாகவும் காலில் வேகமாகவும் போயிருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன் யாரோ ஒரு கடைக்காரர் எந்த எழுத்தில் தயங்கினார் என்பதைக்கூட ஒரு டம்ளரிலிருந்து படித்துவிடலாம்.

பேர் வெட்டும் விஷயத்தில் மதுரைக்குப் பக்கத்துச் சமயநல்லூர்க்காரர்கள் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்ளலாம். ஊரை ஒட்டிய தேனூரில் 2009-இல் மண்ணுக்குள்ளிருந்து ஏழு தங்கக் கட்டிகள் கிடைத்தன. அவற்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'கோதை' என்ற பெயர் பொறித்திருந்தது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய எழுத்து. தேனூர் என்றால் முன்னொரு காலத்தில் அழகர் ஆற்றில் இறங்கிய ஊர் என்பதுதான் மதுரைக்காரர்களுக்கு நினைவு வரும். உலோகத்தின் மேல் பெயர் எழுதும் பழக்கத்துக்கும் அது பழைய ஊர்தான்.

தங்கத்தில் எழுத்துப் பொறிப்பது எளிது. எவ்வளவு எளிது என்று சொல்ல ஓர் அளவு வேண்டுமே? 1921-இல் இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனியில் ஸ்மித், சாண்ட்லண்ட் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். சதுர அடியுள்ள பிரமிடாகத் தீட்டிய வைரத்தை ஒரு குறிப்பிட்ட எடையோடு உலோகத்தின் மேல் அழுத்துவது, எடுத்துவிட்டுக் குழியின் மூலைவிட்டத்தை அளப்பது. குழி சிறிதாக இருந்தால் உலோகம் கடினம். இந்த விக்கர்ஸ் அளவில் சுத்தத் தங்கம் சுமார் 25. காய்ச்சி இளக்கிய செம்பு சுமார் 50. நம் எவர்சில்வர் தகடு 150-க்கும் 200-க்கும் நடுவில். கடைசல் பட்டறையில் புழங்கும் எச்.எஸ்.எஸ். எஃகு 800-க்கு மேல். இந்த எண்களைப் பார்த்தால், 800 உள்ள கருவி 200 உள்ள தகட்டைச் சிரமமின்றி வெட்ட வேண்டும். நடைமுறையில் எவர்சில்வரில் கையால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அப்படிப் போவதில்லை. கடின எண் ஏதோ ஒன்றை நமக்குச் சொல்லாமல் விடுகிறது.

உலோகத்தில் தடம் பதிக்க வழிகள் மூன்றுதான். அமுக்கலாம், உழலாம், சீவலாம். அமுக்கினால் உலோகம் கீழேயும் பக்கவாட்டிலும் ஒதுங்கும். எதுவும் வெளியே வராது. கூர்முனையை அழுத்தி இழுத்தால் நடுவில் சாலும் இருபுறமும் வரப்பும் உண்டாகும். அதுதான் உழுவது. அதிலும் உலோகம் இடம் மாறுகிறதே தவிரப் போவதில்லை. சீவினால் மட்டும் ஒரு பகுதி சுருளாகக் கழன்று வெளியே வந்துவிடும்.

பூஜைச் சாமான் கடையில் விற்கும் எந்திரத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய செம்பு. அதில் கட்டமும் எழுத்தும் ஆணியால் கீறியிருப்பார்கள். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் அத்தனையும் புடைத்துக்கொண்டு தெரியும். உழுத வேலை அது.

செப்பேடுகளை ஆராய்ந்தவர்களும் இப்படித்தான் திருப்பிப் பார்த்தார்கள். குப்தர் காலக் கல்வெட்டு, செப்பேடுகளைத் தொகுத்து 1888-இல் வெளியிட்ட ஃப்ளீட், ஏடு ஏடாக இரண்டு விஷயங்களை அலுக்காமல் குறித்து வைத்தார்: எழுத்துப் பள்ளத்தின் உட்புறத்தில் வெட்டியவரின் கருவித் தடம் தெரிகிறதா? எழுத்து ஏட்டின் பின்பக்கம் புடைத்திருக்கிறதா? அரசர் வரலாறு படிக்க வந்தவர்கள் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். நமக்கு அவைதான் சாட்சி. பின்பக்கம் புடைப்பு இருந்தால் உலோகத்தை அடித்து ஒதுக்கியிருக்கிறார்கள். உள்ளே உளி நகர்ந்து நகர்ந்து பதித்த படிகள் தெரிந்தால், எழுத்து அச்சில் வார்த்ததல்ல, ஒரு மனிதர் உட்கார்ந்து வெட்டியது. பாண்டியன் நெடுஞ்சடையன் 8-ஆம் நூற்றாண்டில் கொடுத்த வேள்விக்குடிச் செப்பேடு பத்து ஏடுகள் கொண்டது. இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. தென்னாட்டுச் செப்பேடுகள் பலவற்றில் ஏட்டின் விளிம்பைச் சற்று உயர்த்தி விட்டிருப்பார்கள். வளையத்தில் கோத்த ஏடுகள் ஒன்றோடொன்று உரசி எழுத்து தேயாமல் இருக்க அந்த ஏற்பாடு. எழுதுவது ஒரு வித்தை, எழுதியதைக் காப்பது இன்னொன்று என்று தெரிந்த கைகள்.

கையால் சித்திரம் வெட்டுகிறவர்களுக்கு மூன்றாவது வழிதான் முக்கியம், சீவுவது. அதற்கான கருவியை உளி என்று சொல்லிவிடலாம். சுத்தியால் தட்டும் உளியோடு குழம்பாமல் இருக்க இங்கே கையுளி என்று வைத்துக்கொள்வோம். 3 மி.மீ. தடிமனில் ஒரு சதுர எஃகுக் கம்பி. உள்ளங்கைக்குள் பொதிந்துகொள்ளும் மரக் குமிழ்ப்பிடி. நுனியைச் சாய்வாகத் தேய்த்திருப்பார்கள், அது முகம். அடிப்பக்கம் இரண்டு மிகச் சிறிய பட்டைகள் இருக்கும், அது குதி. உள்ளங்கை தள்ளும், கட்டைவிரல் வேலைப்பொருளில் ஊன்றி வேகத்தைப் பிடித்து நிறுத்தும்.

குதி எதற்கு என்பது புதிதாகப் பழகுபவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. முனை மட்டும் இருந்து குதி இல்லையென்றால், கருவியைக் கொஞ்சம் தள்ளியதும் அது உள்ளே உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் மாட்டிக்கொண்டு முனை ஒடியும். குதி 15 முதல் 20 பாகை சாய்ந்து தகட்டின் மேல் உட்கார்ந்தால், கையைச் சற்று உயர்த்தும்போது முனை இறங்கும், தாழ்த்தும்போது ஏறும். ஆழம் கைக்குள் வந்துவிடும்.

ஆழத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது. முனை 120 பாகை விரிந்த 'வி' வடிவம் என்றால், 0.1 மி.மீ. ஆழப் பள்ளத்தின் வாய் சுமார் 0.35 மி.மீ. அகலம் இருக்கும். ஆழத்தை இரட்டித்தால் அகலமும் இரட்டிக்கும். வெளியே வர வேண்டிய உலோகமோ நாலு மடங்காகும். மெல்லிய கோடு சரசரவென்று வருவதும் கொஞ்சம் அழுத்தியதும் கை நின்றுபோவதும் இதனால்தான். தடித்த கோடு வேண்டுமென்றால் இரண்டு மூன்று முறை சீவ வேண்டும், இல்லை சுத்தியலை எடுக்க வேண்டும். உடம்பு வலிமைக்கு இதில் அதிக வேலை இல்லை.

சீவும்போது முனைக்கு முன்னால் நடப்பது என்ன? முனைக்கு முன்னே ஒரு விரிசல் ஓடுகிறது, உலோகம் பிளந்து கழல்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். அது தப்பு என்பதற்கு உங்கள் மேஜையிலேயே ஆதாரம் விழும். செம்பில் ஒரு நீளக் கோடு வெட்டி, வந்த சீவலைப் பொறுக்கி, சுருளை மெல்லப் பிரித்து அளந்து பாருங்கள். கோட்டின் நீளம் இருக்காது. மூன்றில் ஒரு பங்கு நீளமே இருப்பது சாதாரணம். தடிமனோ, வெட்டிய ஆழத்தைவிடக் கூடுதலாக இருக்கும். வெறுமனே பிளந்து வந்த சீவல் இப்படிக் குறுகாது. வெளியே வரும் முன் உலோகம் நசுங்கித் திரண்டிருக்கிறது.

1860-களில் பாரிஸில் ஹென்றி ட்ரெஸ்கா, திட உலோகமும் அழுத்தத்தில் ஒழுகும் என்று காட்டினார். 1870-இல் ரஷ்யாவின் இவான் டீமே, சீவல் என்பது அடுக்கடுக்காக நழுவிய உலோகம் என்று எழுதினார். 1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மாலக், வெட்டும் இடத்தின் பக்கவாட்டை மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தே விட்டார். மூவரும் சொன்னதைச் சேர்த்தால் இவ்வளவுதான்: முனையிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக ஒரு தளம் இருக்கிறது. அந்தத் தளத்தை அடையும் உலோகம் ஒன்றன்மேல் ஒன்று நழுவித் திசை திரும்பிச் சீவலாகிறது. பள்ளிப் புத்தகம் இதைச் சறுக்குப்பெயர்ச்சி என்று சொல்லும். சீவலை லென்ஸில் பார்த்தால் கருவியின் முகத்தில் உரசிய பக்கம் கண்ணாடியாக மின்னும். வெளிப்பக்கம் படிப்படியாகக் கரடுமுரடாக இருக்கும். அந்தப் படிகள் நழுவலின் தடம்.

நழுவுவதென்றால், ஓர் அடுக்கு அணுக்கள் முழுவதும் ஒரே மூச்சில் பக்கத்து அடுக்கின் மேல் நகர்ந்துவிடுமா? 1926-இல் ஃப்ரெங்கெல் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்படி நகர்த்த வேண்டிய விசை, உண்மையில் உலோகத்தை வளைக்கத் தேவைப்படும் விசையைவிட ஆயிரம் மடங்கு வரைகூட அதிகமாக வந்தது. கணக்குப்படி ஒரு செம்புக் கம்பியை யாராலும் வளைக்க முடியாது. குழந்தைகள்கூட வளைக்கிறார்கள்.

விடை, கல்யாண மண்டபத்தில் விரிக்கும் பவானி ஜமுக்காளத்தில் இருக்கிறது. இருபது அடி ஜமுக்காளத்தை ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் நகராது. தரையோடு மொத்தமும் உரசுகிறது. விவரம் தெரிந்தவர் ஒரு ஓரத்தில் சின்ன மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பைக் காலால் தள்ளிக்கொண்டே மறு ஓரத்துக்குப் போவார். மடிப்பு வெளியேறியதும் ஜமுக்காளம் முழுதும் நகர்ந்திருக்கும். எந்த நேரத்திலும் மடிப்பு இருக்கும் இடம் மட்டும்தான் அசைந்தது. உலோகத்தின் அணு வரிசைகளிலும் இப்படி மடிப்புகள் உண்டு. வரிசைப் பிசகு என்று அவற்றுக்குப் பெயர் வைக்கலாம். 1934-இல் டெய்லர், ஓரோவான், போலன்யி மூவரும் தனித்தனியாக இதைச் சொன்னார்கள். அப்போது யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. 1956-இல்தான் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷ், ஹார்ன், வேலன் ஆகியோர், மிக மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள் பிசகுகள் நகர்வதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேராகப் பார்த்தார்கள். 22 வருஷம் கணக்கில் மட்டுமே இருந்த ஒன்று அன்றைக்குத் திரையில் ஊர்ந்தது.

ஜமுக்காளத்தை விட்டுவிட வேண்டாம். ஒரு மடிப்பு என்றால் வழுக்கிக்கொண்டு போகும். நாலு பக்கத்திலிருந்தும் நாலு பேர் மடிப்புத் தள்ளினால்? ஒன்றோடொன்று முட்டிச் சிக்கிக்கொள்ளும். அப்புறம் ஒன்றும் நகராது. உலோகத்தை அடிக்க அடிக்க, வளைக்க வளைக்க, உள்ளே பிசகுகள் பெருகுகின்றன, குறுக்கும் நெடுக்குமாகச் சிக்குகின்றன. உலோகம் இறுகிப்போகிறது. இதை வேலை இறுக்கம் எனலாம். செம்புக் கம்பியை ஒரு முறை வளைத்துவிட்டு அதே இடத்தில் நிமிர்த்தப் பாருங்கள், அந்த இடம் முரண்டு பிடித்துப் பக்கத்து இடம் வளையும். பாத்திரம் தட்டும் கன்னார்களுக்கு இதெல்லாம் புத்தகம் படிக்காமலே தெரியும். கொஞ்ச நேரம் தட்டியதும் பாத்திரத்தை நெருப்பில் காட்டிச் சிவக்க வைத்து மறுபடி தட்டுவார்கள். சூட்டில் அணுக்கள் வரிசையைப் புதிதாக அடுக்கிக்கொள்கின்றன, சிக்கல் அவிழ்கிறது. செம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் இளகித்தான் வரும். கத்தி எஃகுக்கு நேர்மாறு.

இப்போது எவர்சில்வர். இரும்பில் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் கலந்த வகைதான் நல்ல பாத்திரத்துக்கு வழக்கம். விலை குறைந்தவற்றில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்ப்பார்கள். இரண்டுக்கும் பொதுவான குணம், வேலை இறுக்கம் அசாத்தியம். செம்பு நன்றாக அடிபட்டால் 50-லிருந்து நூற்றுச் சொச்சம் ஆகும். எவர்சில்வர் 400-ஐத் தொட்டுவிடும். பிசகுகள் சிக்கிக்கொள்வது மட்டும் காரணமல்ல. நசுங்கிய இடத்தில் அணுக்களின் அடுக்கே மாறி, இன்னும் கடினமான வேறொரு படிக வடிவமாகிறது. அந்த வடிவத்தைக் காந்தம் இழுக்கும். முதல் வடிவத்தை இழுக்காது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துவந்து நல்ல எவர்சில்வர் பாத்திரத்தின் நடு அடிப்பகுதியில் வையுங்கள், விழுந்துவிடும். இழுத்து வளைத்த மூலையிலோ சுருட்டிய விளிம்பிலோ வையுங்கள். பல பாத்திரங்களில் அங்கே மட்டும் காந்தம் லேசாகப் பிடிக்கும். பிரஸ்ஸில் எந்த இடம் அதிகமாக வதைபட்டது என்று காந்தம் காட்டிக்கொடுக்கிறது. (முழுப் பாத்திரத்திலும் காந்தம் கப்பென்று ஒட்டினால் அது நிக்கல் இல்லாத வேறு ரகம்.)

கையுளியோடு எவர்சில்வரில் இறங்குகிறவர் சண்டை போடுவது 200-ஓடு அல்ல. முனை தொட்டு நசுக்கிய மறுகணம் முன்னால் இருப்பது 400. கை ஒரு நொடி தயங்கி முனை சீவாமல் உரசினால், உரசிய இடம் மினுமினுவென்று இறுகிப்போகும். அடுத்த முறை அதன்மேல் போனால் வழுக்கும். வழுக்குகிறதே என்று அழுத்தினால் முனை ஒடியும். இதனால்தான் எவர்சில்வருக்கு முகத்தின் கோணத்தை 45 பாகையிலிருந்து 50, 55 என்று ஏற்றி முனையைத் தடிப்பாக்குகிறார்கள். வெட்டுவதானால் தயங்காமல், போதிய ஆழத்தில், இறுகிய தோலுக்கு அடியில் போய் வெட்ட வேண்டும்.

குத்தும் மிஷினுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஒவ்வொரு குத்தும் தன் இடத்தில் விழுந்து, உலோகத்தை ஒதுக்கி, எழுந்துவிடுகிறது. அடுத்த குத்து 0.2 மி.மீ. தள்ளி, பெரும்பாலும் அடிபடாத இடத்தில். முந்தைய குத்து உண்டாக்கிய இறுக்கத்தை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கூர்மை கொஞ்சம் மழுங்கினாலும் வேலை நடக்கும். வாசலில் ஆட்டோ காத்திருக்க, இருபத்தைந்து தட்டுக்குப் பேர் போட்டுத் தள்ள வேண்டிய கடைக்கு இதைவிடத் தோதான வழி கிடையாது. சீவும் வேலையை அமுக்கும் வேலையாக மாற்றியதுதான் அந்த மிஷினின் சாமர்த்தியம். எழுத்தின் அழகு போனது அதற்குக் கொடுத்த விலை. சீவிய பள்ளத்தின் சுவர் வழவழப்பு. ஒளியை ஒரே பக்கம் திருப்பும், கோடு பளிச்சென்று வெட்டித் தெரியும். குத்திய குழிகள் ஒளியை நாலா பக்கமும் சிதறடித்து வெளிறித் தெரியும். நகையில் நகாசு வேலை செய்பவர்கள் இன்றைக்கும் சீவும் கருவியை விடாததற்கு அந்த மினுக்குதான் காரணம்.

பழக விரும்புகிறவர் கருவிக்காக அலைய வேண்டியதில்லை. எச்.எஸ்.எஸ். சதுரத் துண்டு மதுரையின் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். சாணையில் தேய்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். சாதாரணக் கார்பன் எஃகென்றால் சூடேறி நுனியில் முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, நீலம் என்று ஓடும். 300 டிகிரி பக்கம் வரும் அந்த நீலத்தைக் கண்டால் பதம் போய்விட்டது என்று பொருள். எச்.எஸ்.எஸ். 600 டிகிரி பக்கம் வரை தாங்கும், ஆகவே புதியவர்களுக்கு அது மன்னிக்கும் எஃகு. கடைசிக் கூரை எண்ணெய்க்கல்லில் ஏற்ற வேண்டும். கூர் வந்துவிட்டதா என்று பார்க்கக் கருவியின் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் அழுத்தாமல் சாய்த்து வைப்பார்கள். பிடித்து நின்றால் கூர். வழுக்கினால் திரும்பக் கல்லுக்கு. தகட்டை மரக்கட்டையில் அரக்கை உருக்கி அதில் பதித்துக்கொள்ளலாம். வளைவு வெட்டும்போது கருவியைத் திருப்பாதீர்கள், கட்டையைத் திருப்புங்கள். தோல் பையில் மணல் நிரப்பி அதன்மேல் கட்டையை வைத்தால் எந்தப் பக்கமும் திரும்பும். இடக்கை ஒருபோதும் முனைக்கு எதிரே இருக்கக் கூடாது. கண்ணாடி போடாமல் உட்காரக் கூடாது; ஒடிந்த முனை எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பழக எந்த உலோகம்? இளக்கிய செம்பு என்றுதான் யாருக்கும் தோன்றும், ஆக மென்மையானதாயிற்றே. கையில் எடுத்தால் ஏமாற்றும். வெட்டினால் வழவழவென்று வராது, கருவியில் அப்பும், பள்ளத்தின் விளிம்பில் பிசிறு அடிக்கும், தள்ளவும் கூடுதல் பலம் வேண்டும். கொஞ்சம் இறுகிய, உருளையில் அழுத்தி வந்த செம்போ பித்தளையோ அதைவிடச் சுத்தமாக வெட்டுப்படும். மென்மையான உலோகத்தை வெட்டுவது கடினம் என்பது பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்த முரண். ஏன் என்பதுதான் சரியாகத் தெரியாமல் இருந்தது.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸ்ரீனிவாசன் சந்திரசேகர், கௌசிக் விஸ்வநாதன் உள்ளிட்ட குழு, வெட்டும் முனையை அதிவேகக் கேமராவால் படம் பிடித்து 2015-இல் விடை சொன்னது. இளக்கிய செம்பு, டீமேயும் மாலக்கும் சொன்னபடி ஒரே தளத்தில் ஒழுங்காக நழுவவில்லை. முனைக்கு முன்னால் மேற்பரப்பு புடைத்து, மடிந்து, மடிப்பின் மேல் மடிப்பாக அலையலையாக நெளிந்துகொண்டு சீவலாக ஏறியது. அதனால் சீவல் வழக்கத்தைவிட மிகத் தடிப்பாகத் திரண்டது, அத்தனை உலோகத்தையும் கசக்க விசையும் கூடியது. முன்பே இறுகிய உலோகத்தில் இந்த நெளிவு வரவில்லை; ஒழுங்காக நழுவியது. 

இதைவிட வேடிக்கை அடுத்து வந்தது. வெட்டப் போகும் பரப்பின் மேல் மார்க்கர் பேனா மையைப் பூசிவிட்டு வெட்டினால், இளகிய உலோகத்திலும் நெளிவு அடங்கிவிட்டது. பசைக் குச்சியால் தடவினாலும் அதே விளைவு. வெட்டும் விசை பாதி வரை குறைந்தது. இத்தனைக்கும் மை பட்டது கருவி உரசும் பக்கம் அல்ல, அதற்கு எதிர்ப்பக்கம். ஆக எண்ணெய் போலச் செய்த வேலை அல்ல. மையின் படலம் மேற்பரப்பை இறுகப் பற்றி, மடிந்து நெளிய விடாமல், அங்கங்கே நுண்ணிய விரிசல் விட்டு உலோகம் கழலும்படி செய்கிறது. 2018-இல் வெளியான இந்த ஆய்வில், செம்பு, அலுமினியம் மட்டுமல்லாமல் வெட்டுவதற்கு முரடு என்று பெயர்பெற்ற எவர்சில்வரிலும் இது பலித்தது.

சித்திரம் வெட்டப் பழகுகிறவர்கள் எப்படியும் தகட்டில் மார்க்கரால்தான் கோடு வரைந்துகொள்கிறார்கள். பூவும் கொடியும் வரைவதற்கு முன், இளக்கிய செம்புத் துண்டு ஒன்றில் ஒரு பாதிக்கு மட்டும் மையை அப்பிக் காயவிட்டு, ஒரே கருவியால், ஒரே ஆழத்தில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு இழுத்துப் பாருங்கள். விசையை அளக்கும் கருவி வீட்டில் இருக்காது. தேவையும் இல்லை. இரண்டு சீவல்களையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்: மை வேலை செய்திருந்தால் அந்தப் பக்கத்துச் சீவல் மெல்லிசாகவும் நீளமாகவும் வந்திருக்கும்.